பிறர் வகுப்பில் கற்ற பாடம்

தொழில் கற்க விரும்புவோர் அத்தொழிலில் வல்லவர் அருகில் அமர்ந்து கற்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பொற்கொல்லரிடம் வேலை பழகும் சிறுவன், உலைக்கு அருகில் அமர்ந்து, பொன் உருகும் பதத்தைக் கண்ணால் கற்கிறான். நாகசுரம் பயிலும் மாணவர், ஆசிரியருக்குப் பின்னே நின்று ஒத்து ஊதியும் தாளம் இட்டும் பல இரவுகளைக் கழித்த பின்னரே தாமாக வாசிக்கத் தொடங்குகிறார். அறுவை மருத்துவம் கற்பவரும் வல்லவரின் கையைப் பல நாள் பார்த்த பின்னரே தாம் கத்தியைத் தொடுகிறார். ஆனால், கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பாடம் சொல்லும் தொழிலில் இவ்வழக்கம் பெரும்பாலும் இல்லை.

பள்ளி ஆசிரியராக விரும்புவோர் பயிற்சிக் கல்லூரியில் சேர்கின்றனர். பிறர் பாடம் நடத்துவதைக் காண்கின்றனர். தாமும் பிறர் காண நடத்திப் பழகுகின்றனர். பல்கலைக்கழக விரிவுரையாளரோ தம் துறைப் புலமையையே பெரும்பாலும் துணையாகக் கொண்டு வகுப்பினுள் நுழைகிறார். நுழைந்ததும் கதவு சாத்தப்படுகிறது. அடுத்த அறையில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நண்பர் எங்ஙனம் தொடங்குகிறார், எவ்விடத்தில் நிறுத்துகிறார் என்பதை இவர் அறியார். இவரைப் பற்றி அவரும் அறியார். இருவரையும் அறிந்தவர் மாணவர் மட்டுமே.

அந்தக் கதவைத் திறந்து, மற்றொருவர் வகுப்பில் அமர்ந்து, பாடம் சொல்லும் கலையைக் கற்க முடியுமா? முடியும் எனின், அங்கே எதைக் காண வேண்டும்? இவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். மாணவர்களாகிய உங்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு, அதனை முடிவில் சொல்வேன்.

பிறர் சொற்பொழிவைக் கேட்டே தலைசிறந்த ஆசிரியரானவர் ஒருவரை அறிவியல் வரலாற்றில் காண்கிறோம். அவர் மைக்கேல் பாரடே. 1791-ஆம் ஆண்டில் ஒரு கொல்லரின் மகனாக இங்கிலாந்தில் பிறந்த பாரடே, புத்தகம் கட்டும் தொழிலாளியிடம் வேலை பழகினார். கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1812-ஆம் ஆண்டில், இலண்டன் நகரிலுள்ள இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் கழகத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளில் நான்கினைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கேட்டவற்றைக் குறித்துக்கொண்டு, படங்களுடன் விரித்தெழுதி, தாமே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அக்கழகத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. இவ்வளவும் பலர் அறிந்த கதை.

பலர் அறியாத பகுதி இனித்தான் வருகிறது. உதவியாளராக இருந்த பாரடே, மேசையில் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டே, பேசுவோரையும் கேட்போரையும் கூர்ந்து நோக்கினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தம் நண்பர் பெஞ்சமின் ஆபட் என்பவருக்கு எழுதிய கடிதங்களில், தாம் கண்டவற்றை ஒழுங்குபடுத்தித் தந்தார். மண்டபம் எவ்வடிவில் இருந்தால் அனைவரும் காண இயலும். காற்றோட்டம் குறைந்தால் கேட்போர் கவனம் எங்ஙனம் தளரும். கருவிகள் பேசுவோரை மறைக்கலாகாது. பேச்சு விரைதல் கூடாது. ஒரு மணி நேரத்திற்கு மேல் எவரும் பேசுதல் வேண்டா. கைதட்டலை நாடிப் பேசுதல் தகாது. இவை போன்ற செய்திகள் அவற்றில் உள்ளன. அப்போது அவருக்கு வயது 21. ஒரு சொற்பொழிவேனும் அவர் ஆற்றியதில்லை. அவரது முதற்பேச்சு 1816-ஆம் ஆண்டிலேதான் நிகழ்ந்தது.

பேசத் தொடங்கிய பின்னரும் அவர் பிறர் கண்களின் உதவியை விட்டாரில்லை. எட்வர்டு மாக்ராத் என்னும் நண்பரைத் தம் பேச்சுகளுக்கு வரச் செய்து, குறைகளைக் குறித்துத் தரும்படி வேண்டிக்கொண்டார். விரைந்து பேசும் இயல்பைத் தடுக்க, 'மெதுவாக' என்று எழுதிய அட்டை ஒன்றைத் தம் கண்ணெதிரே வைக்கச் செய்தார். வல்லவர்களைப் பார்த்தும், தம்மைப் பிறர் பார்க்க இடம் கொடுத்தும் வளர்ந்த அக்கலையே, பின்னாளில் சிறுவர்களுக்கு அவர் ஆற்றிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளாகவும், மெழுகுவத்தியைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூலாகவும் மலர்ந்தது.

பாரடே காட்டிய வழியில் நானும் ஒரு சிறு முயற்சி செய்ததுண்டு. நான் வேதியியல் விரிவுரையாளன். எங்கள் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கும் அம்மையார் ஒருவரின் வகுப்பைப் பற்றி மாணவர்கள் நல்லவிதமாகப் பேசுவதைக் கேட்டு, ஒரு நாள் அங்கு அமர இசைவு கேட்டேன். அவர் சற்று வியந்தாலும் மறுக்கவில்லை. வேற்றுத் துறையை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தம் துறைப் பாடத்தைக் கேட்கும் ஆசிரியர், சொல்லப்படும் செய்தி சரியா தவறா என்று எடைபோடத் தொடங்கிவிடுவார். தமக்குப் பழக்கமில்லாத பாடத்தைக் கேட்கும்போதோ, அவரே மீண்டும் மாணவராகிவிடுவார். எவ்விடத்தில் விளங்கிற்று, எவ்விடத்தில் நழுவிற்று என்பது அவருக்கே தெரியும்.

மணி அடிக்கும் முன்பே சென்று கடைசி வரிசையில் அமர்ந்தேன். அவ்விடம் ஒரு தனி உலகம். முன்னே இருப்போரின் தலைகளுக்கு அப்பால் கரும்பலகையின் கீழ்ப்பகுதி தெரிவதில்லை. மின்விசிறியின் ஓசையில் வாக்கியங்களின் இறுதிச் சொற்கள் கரைந்துவிடுகின்றன. வாக்கியத்தின் பொருள் பெரும்பாலும் இறுதிச் சொல்லில் அன்றோ இருக்கிறது! மேடையில் நிற்கும் ஆசிரியருக்கு இவ்விரண்டும் தெரிய வழியில்லை.

அம்மையார் இவற்றை அறிந்தவராகக் காணப்பட்டார். பலகையின் மேற்பகுதியில் மட்டுமே எழுதினார். பலகையை மூன்று பத்திகளாகப் பகுத்து, இடப்பத்தியில் அன்றைய வினாவை எழுதி, மணி முடியும் வரை அழிக்காமல் விட்டார். நடுப்பத்தி கணக்கிற்கு. வலப்பத்தியில் புதிய கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து, முதல் ஆண்டில் ஆங்கிலச் சொற்களுக்கிடையே திகைக்கும் மாணவருக்கு அந்த ஒரு பத்தி எத்துணைப் பெரிய ஊன்றுகோல் என்பதை, கடைசி வரிசையில் இருந்தபோது கண்டேன். என் அருகில் இருந்த இளைஞர், வேறு எதனை எழுதாவிடினும் அப்பத்தியை மட்டும் தவறாமல் எழுதிக்கொண்டார்.

அன்றைய பாடம் நிகழ்தகவு. இலக்கணம் கூறித் தொடங்குவார் என எதிர்பார்த்தேன். அவரோ ஒரு வினாவுடன் தொடங்கினார்: "இவ்வகுப்பில் ஐம்பது பேர் இருக்கிறீர்கள். ஆண்டிற்கு 365 நாட்கள். உங்களுள் ஒரே நாளில் பிறந்த இருவர் இருப்பார்களா?"

வினாவைக் கேட்டதும் விடையைச் சொல்லவில்லை. இருப்பார்கள் என எண்ணுவோர் கை உயர்த்துக என்றார். பிறகு இல்லை என எண்ணுவோர். எல்லாரும் ஏதேனும் ஒரு பக்கம் சேரும்வரை விடவில்லை. பெரும்பாலோர் இல்லை என்றனர். அதன்பின் ஒவ்வொருவராகப் பிறந்த நாளைச் சொல்லச் செய்தார். இடையில் ஒரு மாணவர் எழுந்து, "பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் எழுதிய நாளைச் சொல்வதா, வீட்டில் சொல்லும் நாளைச் சொல்வதா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அம்மையாரும் சிரித்தார், ஆனால் அதனை வீணாக்கவில்லை. "பலருக்கு ஒரே மாதத்தில் நாள் குறித்திருந்தால், ஒன்றுபடும் வாய்ப்புக் கூடுமா, குறையுமா?" என்று திருப்பிக் கேட்டார். கூடும் என்று பல குரல்கள் எழுந்தன. சிரிப்பே பாடமாயிற்று. பெயர்கள் முப்பதைக் கடந்தபோது ஆகஸ்டு மாதத்து நாள் ஒன்று இருமுறை வந்தது. வகுப்பு முழுவதும் ஆரவாரம் செய்தது.

தான் எண்ணியது தவறு என்று கண்ட மனம், ஏன் என்று கேட்கத் தொடங்குகிறது. அந்தக் கேள்வி எழுந்த பிறகே அவர் கணக்கிற்கு வந்தார். ஒருவரும் ஒன்றுபடாத வாய்ப்பை முதலில் காண்போம் என்றார். முதலாமவர் எந்நாளிலும் பிறந்திருக்கலாம்; இரண்டாமவருக்கு எஞ்சியவை 364 நாட்கள்; மூன்றாமவருக்கு 363. இவ்வாறு குறைந்துவரும் பின்னங்களைப் பெருக்கிச் சென்றால், ஐம்பதாமவர் வரும்போது எஞ்சுவது நூற்றுக்கு மூன்றே பங்கு. எல்லா நாட்களும் ஒத்த வாய்ப்புடையன எனக் கொண்டால், ஐம்பது பேருள் இருவரேனும் ஒன்றுபடும் வாய்ப்பு நூற்றுக்கு 97. இருபத்து மூன்று பேர் இருந்தாலே அவ்வாய்ப்புப் பாதியைக் கடந்துவிடுகிறது. ஐம்பது பேர் என்பது சிறு தொகையாகத் தோன்றினும், அவர்களுள் அமையக்கூடிய இணைகள் 1225 என்று அவர் எழுதியபோது, எனக்கும் தெளிவு பிறந்தது.

ஆனால் அன்று நான் கண்டவற்றுள் தலையாயது இக்கணக்கு அன்று. கணக்கைத் தொடங்குமுன், அவரவர் முறையில் முயலுமாறு சொல்லிவிட்டு, அவர் இருக்கைகளுக்கு இடையே நடந்து வந்தார். என் அருகில் இருந்த இளைஞர் 50-ஐ 365-ஆல் வகுத்து, நூற்றுக்கு ஏறத்தாழ 14 என்று எழுதியிருந்தார். அம்மையார் நெருங்கியதும் அதனைக் கையால் மறைத்துக்கொண்டார். வகுப்பில் தமக்கு இடமில்லை என்று மெல்ல மெல்ல முடிவு கட்டிக்கொள்ளும் மாணவரின் கை அது. அத்தகைய முடிவுகள் தேர்வு மண்டபத்தில் உருவாவதில்லை. இத்தகைய சிறு கணங்களில் உருவாகின்றன.

அம்மையார் அதனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பலகைக்குத் திரும்பிச் சென்று, எவருடையது என்று கூறாமல், அந்தப் பின்னத்தை நடுப்பத்தியில் எழுதினார். "இப்படியும் ஒருவர் எண்ணலாம். இதில் நல்லதோர் எண்ணம் இருக்கிறது. இது எந்த வினாவின் விடை?" என்று கேட்டார். பிறகு அமைதியாக நின்றார். அவ்வமைதி நீண்டது. எனக்கே நானே விடை சொல்லிவிடலாமா என்று தோன்றிற்று. முடிவில் ஒரு மாணவி எழுந்து, "உங்கள் பிறந்த நாளில் எங்களுள் ஒருவர் பிறந்திருப்பாரா என்று கேட்டால், இது விடையாகும்" என்றார். அதுவே உண்மை. அவ்வினாவின் துல்லியமான விடை நூற்றுக்கு ஏறத்தாழ 13. என் பிறந்த நாளோடு ஒன்றுபடுதல் வேறு, எவரேனும் இருவர் ஒன்றுபடுதல் வேறு என்னும் நுட்பம், அந்தப் பிழையின் வழியாகவே வகுப்பிற்கு விளங்கிற்று. என் அருகில் இருந்த கை குறிப்பேட்டை விட்டு விலகியது. மணி முடிவதற்குள் அவ்விளைஞர் ஒரு வினாவும் கேட்டார்.

அமைதியாக நிற்றலைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிஞர், ஆசிரியர்கள் வினாவிய பின்னர் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கின்றனர் என்று பல வகுப்புகளில் ஆராய்ந்து, 1970-களில் வெளியிட்டார். பெரும்பாலோர் காத்திருந்தது ஏறத்தாழ ஒரு விநாடியே! அதனை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. வாய் திறவாதவர்களும் பேசலாயினர். மேடையில் நிற்பவருக்கு மூன்று விநாடி ஒரு யுகம். இருக்கையில் இருந்து சிந்திப்பவருக்கோ அது கண்ணிமைப் பொழுது. இந்த வேறுபாட்டை உணர, இருக்கையில் அமர்ந்து பார்ப்பதை விடச் சிறந்த வழி இல்லை.

வகுப்பு முடிந்தபின் அம்மையாரிடம் ஒன்று கேட்டேன்: "ஐம்பது பேரில் எவரும் ஒன்றுபடாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

"நூற்றுக்கு மூன்று என்பது இல்லை என்று பொருள்படாது என்பதையே பாடமாக்கியிருப்பேன். அதற்கும் குறிப்பு எழுதி வைத்திருந்தேன்" என்றார். வகுப்பில் கண்டது கலையெனில், இக்குறிப்பு அதன் வேர். எதிர்பாராதது போல் தோன்றிய பல, முன்கூட்டியே எண்ணப்பட்டவை. பார்ப்பதோடு நில்லாமல் பின்னர் உரையாடவும் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பிறரிடம் காண்பதை அப்படியே நடித்தல் கற்றல் ஆகாது. அந்த அம்மையாரின் நடையும் நகைச்சுவையும் அவருக்கு உரியவை. நான் எடுத்துக்கொண்டது அவற்றின் அடியில் இருந்த முறையை. முதலில் மாணவர் தம் கருத்தை வெளியிட்டு உறுதி செய்தல். பின்னர் உண்மையைக் காணுதல். அதன்பின் காரணத்தை நாடுதல் என்பதே அம்முறை. என் வகுப்பில் ஒரு கண்ணாடிக் குடுவையில் நீரைக் கொதிக்க வைத்து, "இக்குமிழிகளுள் இருப்பது யாது?" என்று கேட்டுக் கை உயர்த்தச் சொன்னேன். காற்று என்றனர் சிலர். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்றனர் வேறு சிலர். நீராவி என்றவர் சிலரே. அக்குமிழிகளில் இருப்பது நீராவியே. கொதித்தல் என்பது நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிதல். ஒரு மூலக்கூறே உடைந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஆதல் அன்று. பல ஆண்டுகள் வேதியியல் படித்தவர் உள்ளத்திலும் இவ்விரண்டும் கலந்து கிடக்கலாம் என்பதை, கைகளை எண்ணியபோது கண்டேன். எனவே அன்றைய பாடத்தை அவ்விடத்திலிருந்தே தொடங்க முடிந்தது.

பிறர் வகுப்பைக் காணச் செல்வோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. முன்கூட்டியே இசைவு பெற வேண்டும். மணி அடிக்கும் முன் சென்று, முடியும்வரை இருக்க வேண்டும். இடையில் பேசுதலும் திருத்துதலும் கூடா. குறிப்பேட்டை இரு பத்திகளாகப் பகுத்து, ஒன்றில் ஆசிரியர் செய்வதையும் மற்றொன்றில் அதே நேரத்தில் மாணவர் செய்வதையும் எழுதுவது சிறந்த முறை. இரண்டாவது பத்தியே முக்கியமானது. ஜப்பான் நாட்டில் ஆசிரியர் பலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர்; ஒருவர் நடத்த, மற்றவர் மாணவர்களைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுப்பர்; பின்னர் எல்லாரும் கூடி ஆராய்வர். அவர்கள் எடைபோடுவது பாடத்தையே அன்றி ஆசிரியரை அன்று. இந்த வேறுபாடு காக்கப்பட்டால், கதவைத் திறக்க எவரும் அஞ்சார்.

இனி, மாணவ நண்பர்களே, உங்களுக்கு உரிய பங்கைச் சொல்கிறேன். ஆசிரியர்கள் அரிதிற் செல்லும் இடத்தில் நீங்கள் நாள்தோறும் அமர்ந்திருக்கிறீர்கள். ஓர் ஆண்டில் பல ஆசிரியர்களின் முறைகளைக் காண்கிறீர்கள். பாரடே இருபது வயதில் ஒரு மண்டபத்தின் மேல்மாடத்தில் அமர்ந்து கண்டது போல, நீங்களும் காணலாம். ஒரு பாடம் நன்றாக விளங்கிய நாளில், ஏன் விளங்கிற்று என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வினாவினாலா, எடுத்துக்காட்டினாலா, பலகையில் எழுதிய ஒழுங்கினாலா? நாளை நீங்கள் ஆசிரியர் ஆனாலும், மருத்துவர் ஆனாலும், வயலில் வேளாண்மை செய்து பிறருக்கு வழிகாட்டினாலும், ஒன்றை விளங்க உரைக்க வேண்டிய பொழுது வரும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் பாடஞ்சொல்லும் முறையையும் பாயிரத்திலேயே வகுத்துரைக்கிறது. ஆசிரியர் உரைப்பதை நன்கு ஏற்றுக்கொண்டாலும் ஒருவர் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வோருடன் பழகிக் கற்பதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்பது அந்நூலின் கருத்து. இக்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து எரிக் மேசர் என்னும் இயற்பியல் பேராசிரியர், 1990-களின் தொடக்கத்திலிருந்து, வகுப்பின் நடுவே வினாவொன்றைத் தந்து, மாணவர்கள் அருகில் இருப்போருக்கு விளக்கிக் காட்டுமாறு செய்து புகழ் பெற்றார். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. ஆதலின், இவ்வாரம் விளங்கிய பாடம் ஒன்றை, விளங்காத நண்பர் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது அவர் முகத்தையும், அவர் கை எதை மறைக்கிறது என்பதையும் பாருங்கள்.